ஒன்பதாம் தூணுக்கு அடித்த வெள்ளை

இருபத்தைந்து வருஷம் நான் பார்த்த உத்தியோகம், தூண்கள் நிற்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருப்பது. கோயில் தூண் என்றால் பெண் பார்க்கப் போன இடத்தில் சொல்லிக்கொள்ளவாவது வசதியாக இருந்திருக்கும். என்னுடையவை நிலக்கரித் தூண்கள். ரயிலில் ஒன்றரை நாள் வடக்கே போய், அங்கே தரைக்குக் கீழே இறங்கி, நடந்து, குனிந்து, மறுபடியும் நடந்தால் வரும். கச்சிராயபாளையத்தில் என் அப்பாவிடம் இதை விளக்க முயன்றேன். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் மடையை அடைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார். "அது பாட்டுக்கு நிக்குது. அத நீ இன்னாத்துக்குப் பாக்கணும்?" இன்றுவரை என் உத்தியோகத்தைப் பற்றி யாரும் இதைவிடச் சரியான கேள்வி கேட்டதில்லை.

பூமிக்கு அடியில் இருக்கும் கரியை முழுசாக வெட்டி எடுத்துவிட முடியாது. எடுத்தால் மேலே இருக்கும் ஊர் கீழே வந்துவிடும். அதனால் தெரு, குறுக்குத் தெரு என்று வெட்டிக்கொண்டே போய், நடுவில் வீட்டு மனை மாதிரி சதுரம் சதுரமாகக் கரியை விட்டுவைப்பார்கள். அந்த மனைகள்தான் தூண். வெட்டி எடுத்த இடத்துக்கு மேலே இருந்த பாரத்தையும் சேர்த்து அவைதான் சுமக்க வேண்டும். வெட்டி முடித்தவர்கள் வேறு பக்கம் போய்விடுவார்கள். தூண் போக முடியாது. மேலே இருக்கும் ஊரில் கல்யாணம் நடக்கும், பஸ் ஓடும், குளத்தில் எருமை குளிக்கும். இவை அத்தனையும் கீழே ஒரு கரிக்கட்டியின் தயவில் நடக்கின்றன என்பது எருமைக்கும் தெரியாது, மாப்பிள்ளைக்கும் தெரியாது.

தூண் ஒரே நாளில் விழுவதில்லை. வருஷக்கணக்கில் தேயும். முதலில் மூலைகள் மழுங்கும். பிறகு பக்கங்கள் அப்பளம் அப்பளமாக உரியும். ஈரம் ஏறினால் இன்னும் வேகமாக உரியும். அகலம் குறையும், பாரம் மட்டும் குறையாது. என் அப்பாவின் கல்யாணத்துக்கும் முந்தி யாரோ வெட்டிவிட்டுப் போன பகுதி ஒன்று அங்கே இருந்தது. அந்தத் தூண்கள் இன்னும் எத்தனை காலம் நிற்கும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

பார்க்கும் முறை மிகச் சாதாரணம். தூணின் நாலு பக்கமும் நெஞ்சு உயரத்தில் ஒரு முழ அகலத்துக்குச் சுண்ணாம்புப் பட்டை அடித்துவைப்போம். கரியில் விரிசல் விட்டால் கருப்பில் கருப்பு, கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையில் தெரியும். கோடு எங்கே முடிகிறதோ அங்கே பென்சிலால் தேதி போட்டுவிட்டு வருவேன். அடுத்த மாதம் போகும்போது கோடு பென்சிலைத் தாண்டியிருந்தால் ஆபத்து. தாண்டாவிட்டால் நோட்டில் 'மாற்றம் இல்லை' என்று எழுதலாம். என் எழுத்து வாழ்க்கை இந்த இரண்டு சொற்களில்தான் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு பத்திரிகைகளில் எழுதிய நகைச்சுவைக் கட்டுரைகள் எதிலும் இவ்வளவு சுருக்கம் கைகூடவில்லை.

அந்தப் பகுதியில் கூரைக்கு மரக்கட்டை அடுக்கி முட்டுக் கொடுக்கும் வேலையில் இருவர் இருந்தார்கள். இருவரும் வெள்ளிமலைக்காரர்கள். மூத்தவர் என்னைவிட நாலைந்து வயது பெரியவர். மற்றவர் அவருடைய மனைவியின் தம்பி, முப்பது வயது இருக்கும். கச்சிராயபாளையத்தான் ஒருவன் அந்த மூத்தவரை மலை அடிவாரச் சந்தையில் பார்த்திருந்தால் 'யோவ்' என்றுதான் கூப்பிட்டிருப்பான். அந்த ஒருவனில் நானும் அடக்கம். ஒன்றரை நாள் ரயில் தூரம் அவரை எனக்கு அண்ணன் ஆக்கியது. அவர் என்னைத் தரைக்குக் கீழே 'சார்' என்பார், மேலே வந்து குளித்த பிறகு 'தம்பி' என்பார். இந்த ஒழுங்கை ஒருநாளும் அவர் மாற்றியதில்லை.

மச்சினனுக்கு வாய் ஜாஸ்தி. "எங்க மாமா அடுக்கின கட்டை மேல யானை ஏறினாலும் அசையாது சார். வூட்ல அவரு செஞ்ச கட்டில்தான், நான் உக்காந்தாலே ஆடுது."

"உன்ன யாருடா அதுல உக்காரச் சொன்னது? அது உங்க அக்காவுக்கு செஞ்சது."

"அக்காதான் மாமா சொல்லிச்சி, ஆடுதுன்னு."

ஒன்பதாம் நம்பர் தூணின் கிழக்குப் பக்கம் காற்று நன்றாக வரும். அங்கேதான் மூவரும் சாப்பிடுவோம். அதை அவர்கள் 'வூடு' என்றே சொல்வார்கள். "சார், வூட்டாண்ட வந்துடுங்க, சோறு ஆறிடும்" என்று குரல் வரும். ஒருநாள் சாப்பிட்டு முடித்துத் தூணில் சாய்ந்திருந்தபோது மூத்தவர் கேட்டார்.

"சார், இது இன்னாத்துக்கு பட்டை பட்டையா வெள்ளை? தூணுக்குத் திருநீறு பூசினாப்ல."

இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். மேலே உங்களுக்குச் சொன்னதைத்தான் அவருக்கும் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. நிறையப் படித்துவிட்டோம் என்ற எண்ணம், படித்ததைக் காட்ட அங்கே ஆள் இல்லையே என்ற ஏக்கம். முகத்தை அசைக்காமல் ஜோக் அடிப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த கலை.

"வயசான தூணுங்கண்ணே. கண்ணு பட்டுடக் கூடாது இல்ல? அதுக்குத்தான்."

அவர் சிரிக்கவில்லை. தூணை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றார். மச்சினன் மட்டும், "நம்ம மாமா மொகத்துக்கும் ஒரு பட்டை அடிங்க சார், வயசாவுது" என்றார். அவர்கள் ஊரில் புதிதாகக் கட்டும் வீட்டில் பூசணிக்காய் தொங்கும். விளைகிற சாமைக் காட்டில் கரும்புள்ளி குத்திய சட்டி கவிழ்ந்திருக்கும். கண் படுவது அங்கே வேடிக்கைப் பேச்சு இல்லை. எனக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் ஜோக் இன்னும் நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன்.

மார்கழியில் ஒன்பதாம் தூணின் பட்டையில் இரண்டு கோடுகள் வந்தன. மயிரிழைதான். நுனியில் பென்சிலால் தேதி போட்டேன். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று நோட்டிலும் குறித்தேன். விடுப்பு கிடைக்காததால் நாங்கள் மூவரும் அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை.

தை பிறந்து நாலாம் நாள் என் மாதாந்தரச் சுற்றுக்காகக் கீழே போனேன். குறுக்குத் தெரு திரும்பியதும் என் தலைவிளக்கின் வெளிச்சம் எதிலோ பட்டு என் முகத்திலேயே திரும்பி அடித்தது. கருப்பைத் தவிர வேறு நிறமே இல்லாத இடத்தில் ஒன்பதாம் தூண் அடி முதல் நுனி வரை வெள்ளையாக நின்றது. கீழே சாண் உயரத்துக்குச் செங்கல் பொடியைக் கரைத்துச் சிவப்புக் கரை கட்டியிருந்தார்கள். ஒரு மூலையில் கரிக்கட்டியால் வட்டமாகத் திருஷ்டிப் பொட்டு. போகியன்று வேலை முடித்து, மீதிச் சுண்ணாம்பில், தங்கள் வீட்டுக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள்.

"எப்படி சார் இருக்குது வூடு?" என்றார் மூத்தவர். "நீங்க பட்டைதான் அடிச்சீங்க. நான் முழுசாவே அடிச்சிட்டேன். இனிமே எவன் கண்ணு படும்?"

"கெழவிக்கு சீலை கட்டிவுட்டாப்ல இல்ல?" என்றார் மச்சினன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: முதலில் எனக்கு வந்தது ஊர் ஞாபகம்தான், பயம் இல்லை. "அம்சமா இருக்குண்ணே" என்றேன். அதற்குப் பிறகுதான் என் இரண்டு கோடுகளைத் தேடினேன். கோடும் இல்லை, பென்சில் தேதியும் இல்லை.

செய்ய வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். அங்கே யாரும் உட்காரக் கூடாது என்று கயிறு கட்ட வேண்டும். சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். மேலே போய் மேனேஜரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அவர், ஏன் வெள்ளை அடித்தார்கள் என்று கேட்பார். நான் என் ஜோக்கைச் சொல்ல வேண்டியிருக்கும். விளக்கிச் சொன்னாலும் ஜோக் புரியாத மனிதர் அவர். பதவி உயர்வுக்கான என் பெயர் அப்போது அவருடைய மேஜையில் இருந்தது. இதற்கு நடுவில் அவர்கள் இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், பாராட்டு இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறதா என்று. அடுத்த மாதம் புதிதாகக் கோடு வந்தால் தெரியத்தானே போகிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டு, நோட்டைத் திறந்து ஒன்பதாம் நம்பருக்கு நேரே 'மாற்றம் இல்லை' என்று எழுதினேன். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. வெள்ளையில் ஒரு கோடும் இல்லை.

அடுத்த மாதம் வரவில்லை. மூன்றாவது வாரம் மூத்தவர் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். மச்சினன் தூணில் சாய்ந்து தூக்குச் சட்டியைத் திறந்துகொண்டிருந்தார். அந்தப் பக்கம் மொத்தமாக, வெள்ளையும் சிவப்புக் கரையுமாக, ஒரு சுவர் கனத்துக்கு உரிந்து அவர் மேல் சரிந்தது. நான் போனபோது கரியை அகற்றிவிட்டிருந்தார்கள். அவருடைய தலைவிளக்கு மட்டும் அணையாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

விசாரணை நடந்தது. வெள்ளை அடிக்கச் சொன்னது யார் என்று கேட்டார்கள். "யாரும் சொல்லலைங்க. நானாத்தான் அடிச்சேன்" என்றார் மூத்தவர். சொல்லிவிட்டு ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தார். என் முறை வந்தது. அனுமதி இல்லாமல் அடிக்கப்பட்டது என்றேன். அதனால் விரிசல்கள் மறைந்துவிட்டன என்றேன். மார்கழியிலேயே கோடு பார்த்ததை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கண்ணு படாமல் இருக்க என்று நான் சொன்னதையும் சொல்லவில்லை. கடைசியில் தூணைப் பற்றிக் கேட்டார்கள். அளந்து பார்த்து எழுதிக் கொடுத்தேன்: பக்கச் சரிவு மட்டுமே, தூணின் நிலைத்தன்மைக்குப் பாதிப்பு இல்லை. அதுவும் உண்மைதான். அந்தத் தூண் இன்றும் நிற்கிறது என்று கேள்வி.

மூத்தவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். மச்சினனின் உடலோடு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. எனக்குப் பதவி உயர்வு வந்தது.

ஐம்பது வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கள்ளக்குறிச்சியில் வந்து உட்கார்ந்தேன். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் அதே சமயம்தான். பட்டாசு வெடித்தது எனக்காக இல்லை என்று புரிந்துகொள்ளும் அளவுக்குப் பக்குவம் இருந்தது. பத்திரிகைகளில் சிரிப்புக் கட்டுரை எழுதினேன். முகத்தை அசைக்காமல் எழுதுகிறேன் என்று பாராட்டினார்கள்.

போன மார்கழியில் பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரரிடம் சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றிருந்த ஒருவர் தலையைத் திருப்பி, "தம்பிங்களா?" என்றார். மூத்தவர்தான். கண் ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டரிடம் காட்டுவதற்காக மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறார். முகம் தெரியாமல் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். எனக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது. ஓடாமல் இன்னொரு டீ சொன்னேன்.

"அண்ணி எப்படி இருக்காங்க?"

"இருக்கறா. சோறாக்கறா, போடறா. பேச்சுதான் கெடையாது."

"எப்போலேர்ந்துண்ணே?"

"அவ தம்பிய கொண்டாந்து எறக்கினதுலேர்ந்துதான். எப்டி செத்தான்னு கேட்டா. நான் வெள்ளை அடிச்சேன், கோடு மறைஞ்சிப்போச்சின்னு சொன்னேன். அதோட சரி." மழை இல்லை என்று சொல்வது போலச் சொன்னார். "பொங்கலுக்கு ஊரே வெள்ளை அடிக்கும். எங்க வூடு மட்டும் வெறும் மண்ணு. சுண்ணாம்ப வூட்டாண்ட சேக்க மாட்டா. வெத்தலைக்குக்கூட நான் பக்கத்து வூட்ல போயி தடவிக்கினு வரணும்."

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ இருபது வருஷத்துக்கு மேலாகப் பக்கத்து வீட்டுக்குப் போய் வரும் ஒரு மனிதருக்கு நான் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவருடைய பஸ் வந்தது. ஏற்றிவிட்டேன்.

அடுத்த வாரம் நானே வெள்ளிமலைக்குப் பஸ் ஏறினேன். அவர் மனைவியிடம் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும், அவர் மேல் இருக்கும் பழியை இறக்கிவிட வேண்டும், அவ்வளவுதான் திட்டம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்வரை வாக்கியங்களை அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கிக்கொண்டே போனேன். வழியெல்லாம் கடைகளில் சுண்ணாம்பு மூட்டை வந்து இறங்கியிருந்தது. வெள்ளையும் நீலமுமாக இருந்த அந்தத் தெருவில் அவர்கள் வீட்டைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அந்தம்மா வாசலில் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். நரைத்த தலை, வலுவான கைகள். மூத்தவர் கயிற்றுக் கட்டிலில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று அவர் சொன்னதும் அந்தம்மா உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டார்.

நான் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். பட்டை எதற்கு என்று அவர் கேட்டதை, கண்ணு படாமல் இருக்க என்று நான் சொன்னதை, அதை நம்பித்தான் அவர் முழுத் தூணுக்கும் வெள்ளை அடித்ததை. நான் முன்பே கோடு பார்த்திருந்ததை, வெள்ளையைப் பார்த்தபின்னும் வாயைத் திறக்காததை. "தப்பு என்னுதும்மா. அவரு மேல ஒண்ணும் இல்ல" என்று முடித்தேன்.

முறம் நின்றுவிட்டது.

"கண்ணு படும்னா சொன்னீங்க?"

"ஆமாம்மா. வெளையாட்டுக்குச் சொன்னது."

"வெளையாட்டுக்கா?" அந்தம்மா சாமையிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டார். "யாரு சிரிச்சாங்க?"

கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். யாருமே சிரிக்கவில்லை. நான்கூட மனசுக்குள்தான் சிரித்தேன். அந்தம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கட்டில் பக்கம் திரும்பினார்.

"நீ நம்புனியா?"

"நம்புனேன்" என்றார் அவர்.

அவர்கள் இருவரும் என் காதுபடப் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அந்தம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, வீட்டின் பின்பக்கம் போய்விட்டார்.

"போதும் சார்" என்றார் அவர். "வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சி."

தரைக்கு மேலே, அவருடைய வீட்டு வாசலில், நான் சார் ஆகிவிட்டேன்.

பஸ் நிற்கும் இடம் வரை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். கண்ணுக்காகப் பிடித்திருந்தார், வேறெதற்கும் இல்லை.

"விசாரணையில நான் ஏன் வாயத் தொறக்கலன்னு நெனச்சிக்கினு இருந்தீங்க? உங்கள காப்பாத்தவா?"

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில் எனக்கு ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

"வெக்கம் சார். அங்க வந்து உக்காந்தப்புறம்தான், பட்டை எதுக்குன்னு அவங்க பேசிக்கினதுலேர்ந்து எனக்கு வெளங்குச்சி. படிச்சவன் சும்மா சொன்னத ஒரு மலைக்காரன் நம்பிட்டான்னு அத்தினி பேரு முன்னால எப்டி சொல்றது? அவகிட்டதான் எப்டி சொல்றது? உன் தம்பி செத்தது ஒரு வெளையாட்டுப் பேச்சாலன்னா? நானே பண்ணேன்னு சொல்றதுல ஒரு மருவாதி இருந்துச்சி. இத்தினி வருசம் அவ கண்ணுக்கு நான் பாவி. அதத் தாங்கிக்கினு இருந்துட்டேன். இன்னிக்கு வந்து ஏமாந்தவனாக்கிட்டுப் போறீங்க."

"அண்ணே, உங்க பாரத்தக் கொறைக்கலாம்னுதான்..."

"கொறையலையே சார். அவளுக்கு இப்போ புதுசா ஒண்ணு வந்திருக்கு. என்னோட பேசாம இருந்த வருசம் அத்தினியும். அத அவ எங்க கொண்டுபோயி எறக்குவா?"

எனக்குத் தெரிந்த ஒரே பாடம் அது. ஒரு தூண் உரிந்தால் அதன் பாரம் காணாமல் போவதில்லை, பக்கத்துத் தூணுக்குப் போகும். அட்டவணை போட்டு மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, பக்கத்துக் கடைக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் திரும்பி நடந்துகொண்டிருந்தார்.

பொங்கல் வந்து போய்விட்டது. பொங்கல் மலருக்கு வேடிக்கையாக ஏதாவது கேட்ட பத்திரிகைக்கு எழுதி அனுப்ப உட்கார்ந்து, அனுப்பாமல் விட்டேன். அந்த மண் சுவருக்கு இந்த வருஷமாவது வெள்ளை அடித்தார்களா என்று பலமுறை யோசித்துப் பார்க்கிறேன். காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் பார்த்துவிட்டு வந்துவிடலாம். போகவில்லை. சுரண்டிப் பார்க்காமலே நோட்டைத் திறந்து இரண்டு சொல் எழுதி மூடிவிடத் தெரிந்தவன்தான் நான். இந்த முறை அதையும் எழுதவில்லை.